ஒத்துக்கொண்ட குறை

கருவாட்டுத் தரகு வாயால் நடக்கிற தொழில். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் மண்டிகள் வரிசையாக நின்ற தெருவில் தாமோதரன் பல வருஷமாகத் தரகன். சொந்தமாக ஒரு நெத்திலி கிடையாது, ஒரு தராசு கிடையாது. குப்பத்துச் சரக்கை மண்டிக்கும், மண்டிச் சரக்கைக் கூடூர், ஆரணி வியாபாரிகளுக்கும் பேசி முடித்துக்கொடுப்பான். தெருவில் மற்ற தரகர்களும் பேசத்தான் பேசினார்கள். ஆனால் தாமோதரனிடம் மற்றவர்களுக்கு வராத ஒரு வித்தை இருந்தது. தன் சரக்கின் குறையைத் தானே முதலில் சொல்லிவிடுவான்.

வாளைக் கருவாடு பத்துச் சிப்பம் அடுக்கியிருக்கும். வாங்க வந்தவன் வாயைத் திறப்பதற்குள் தாமோதரன் ஒரு சிப்பத்தைக் காலால் ஒதுக்கி, "இதுல கொஞ்சம் ஈரம் கீது மொதலாளி, நான் மறைக்கமாட்டேன்" என்பான். அதில் ஈரமே இருக்காது. மண்டியிலேயே நன்றாகக் காய்ந்த சிப்பம் அதுதான். ஆனால் வந்தவனுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். தன் சரக்கைத் தானே குறை சொல்கிற மனிதனை எப்படிச் சந்தேகப்படுவது? மிச்சம் ஒன்பதையும் பிரித்துப் பார்க்காமல் முழு விலைக்கு எடுத்துப்போவான். அந்த ஒன்பதில் இரண்டு நிஜமாகவே நனைந்திருக்கும்.

இதைப் பொய் என்று தாமோதரன் ஒருநாளும் நினைத்ததில்லை. விலை பேசும்போது சொல்வது வேறு, பேசி முடித்தபின் சொல்வது வேறு. பேசி முடித்த வார்த்தையை அவன் மாற்றியது கிடையாது. தெருவே அதற்குச் சாட்சி சொல்லும்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் மாசி மாதத்தில் ஒருநாள் காலை. மண்டி வாசலில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த தாமோதரன், எதிரே ஹைரோட்டில் அண்ணி மங்கை வருவதைப் பார்த்தான். செத்துப்போன அண்ணன் பொன்னுரங்கத்தின் மனைவி. அண்ணனைக் கடல் கொண்டுபோன பிறகு கூடையைத் தலையில் ஏற்றினவள். கரையில் மீன் எடுத்து, வண்ணாரப்பேட்டை வரைக்கும் வீடுவீடாக நடந்து விற்பாள். செருப்பு போடாத கால் என்பதால் தாரில் ஏறவே மாட்டாள். ரோட்டுக்குக் கீழே, புழுதியில்தான் நடப்பாள். அன்றும் புழுதியில்தான் நடந்தாள். அவளுக்குப் பின்னால் எண்ணூர் உப்பு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று ரோட்டில் ஆடி அசைந்து வந்தது. அதற்கும் பின்னால் ஒரு லாரி.

லாரிக்காரனுக்குப் பொறுமையில்லை. வலப்பக்கம் எதிரே பஸ் வந்ததால் இடப்பக்கமாக ஒடித்து மாட்டுவண்டியை முந்தினான். இரண்டு சக்கரம் தாரை விட்டு இறங்கியது. தாமோதரன் "அண்ணி" என்று கத்துவதற்குள் கூடை பறந்து சங்கரா மீனெல்லாம் ரோட்டில் சிதறியது. பின்சக்கரம் மங்கையின் வலது பாதத்தின்மேல் ஏறி இறங்கிப்போய்த்தான் வண்டி நின்றது. மாட்டுவண்டிக்காரன் ஒரு கணம் எட்டிப் பார்த்தான். பிறகு மாட்டை ஓட்டிக்கொண்டு போனவன் போனவன்தான். அவனை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பாதத்தைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியதே பெரிது என்று டாக்டர் சொன்னார். நடந்து விற்கிறவளுக்குக் கால் போனபின் உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவரிடம் யார் கேட்க முடியும்?

லாரி ரகுபதியுடையது. உப்பு மண்டியும் இரண்டு லாரியும் வைத்திருந்தவர். நான்காம் நாளே ஹபீபுல்லா பாயின் டீக்கடைக்குத் தாமோதரனைக் கூப்பிட்டு அனுப்பினார். போலீஸ், கேஸ் என்று போனால் லாரியைப் பிடித்து நிறுத்திவிடுவார்கள், ஓட்டம் கெட்டுவிடும், நமக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்பது சேதி. தாமோதரன் வேட்டியை மாற்றிக்கொண்டு, நெற்றியில் நீறு பூசிக்கொண்டு போனான். அண்ணிக்காகப் பேசப் போகிறோம் என்கிற பெருமை அவன் நடையிலேயே தெரிந்தது.

"ரோட்டு நடுவுல கூடைய தூக்கிகினு வந்தா எந்த டிரைவர்தான் இன்னா பண்ணுவான்?" என்று ரகுபதி ஆரம்பித்தார். "மீனெல்லாம் தார்லதான கெடந்துச்சு? ஊரே பாத்துச்சே."

தாமோதரன் டீயை ஒரு மடக்குக் குடித்தான். பழகின வாய் தானாகத் திறந்தது.

"வந்துச்சு மொதலாளி. நான் கண்ணால பாத்தவன், மறைக்கமாட்டேன். கூடை கனம், அண்ணி கொஞ்சம் நடுவாலதான் வந்துச்சு. அதுக்கோசரம்தான் முன்னூறோட நிக்கிறேன். ஓரமா வந்திருந்தா ஆயிரத்துல பேச்ச ஆரம்பிச்சிருப்பேன்."

பாய் பாலை ஆற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு மண்டிக்காரர்களும் தலையை ஆட்டினார்கள். நியாயமான ஆள் என்று அர்த்தம். ரகுபதி முகத்திலும் ஒரு தெளிவு வந்தது. ரகுபதி ஐம்பதில் ஆரம்பிக்க, முன்னூறு இறங்கி, ஐம்பது ஏறி, நூற்றைம்பதில் முடிந்தது. எழுந்திருக்கும்போது ரகுபதி அவன் தோளில் கைவைத்து ஒதுக்கி அழைத்துப்போனார்.

"ஒன் சரக்கு கூடூருக்குப் போவுதில்ல? நம்ம வண்டி அந்தப் பக்கம் காலியாத்தான் போவுது. ரெண்டு நடை ஏத்திவுடு. வாடகையெல்லாம் வேணாம்."

தாமோதரன் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேரம் முடிந்தால் எதிராளி வெற்றிலை மடித்துக் கொடுப்பதில்லையா, அதுபோல என்று எடுத்துக்கொண்டான்.

நூற்றைம்பதையும் காசு குறையாமல் கொண்டுபோய் அண்ணியின் தலையணைக்கு அடியில் வைத்தான். "அம்பதுக்கு மேல தரமாட்டேன்னு நின்னாரு. வுடுவேனா" என்றான். மங்கை அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ இல்லாங்காட்டி எனக்கு யாரு தம்பி கேக்கப்போறாங்க" என்றாள். பக்கத்துக் கட்டில்காரி கூட, கொழுந்தன் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்றாள். லாரி நடையைப் பற்றி அவன் சொல்லவில்லை. அது வேறு கணக்கு.

அந்த மாதமே அவன் சரக்கு இரண்டு நடை கூடூருக்குப் போனது. அண்ணியின் பாதத்தின்மேல் ஏறிய அதே லாரியில்தான் போனது. சிப்பங்களை ஏற்றும்போது அவனுக்குப் பின்சக்கரத்தின் பக்கம் போகப் பிடிக்கவில்லை. முன்பக்கம் நின்றே எண்ணி முடித்தான்.

வண்ணாரப்பேட்டையில் மங்கையிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிற வீடுகளில் ஒன்று வக்கீல் ராமதாஸின் வீடு. மீன்காரி ஏன் வரவில்லை என்று அவர் மனைவி விசாரிக்க, சேதி அவர் காதுக்குப் போனது. சித்திரையில் ஒருநாள் அவரே மங்கையின் வீட்டுக்கு வந்துவிட்டார். முப்பது வயசு கூட ஆகாதவர், கறுப்புக்கோட்டு கையில் மடித்துத் தொங்கியது. தாமோதரன்தான் முக்காலி எடுத்துப்போட்டான்.

"நூத்தம்பதா?" என்றார் ராமதாஸ்.

"பேசி வாங்கினது சார். அவரு அம்பதுலதான் ஆரம்பிச்சாரு."

"அவர் எதுக்குப் பேசணும்? அவர் கையிலேருந்து காலணா போகாதே." வக்கீல் பொறுமையாகச் சொன்னார். "ரோட்டுல ஓடற எந்த வண்டியும் இன்ஷூரன்ஸ் இல்லாம ஓடக்கூடாதுன்னு சட்டம். நடந்து போறவங்களை வண்டி அடிச்சு, தப்பு வண்டி மேலன்னு கோர்ட் சொன்னா, இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டியே ஆகணும். போன கால், பட்ட வலி, இனிமே சம்பாதிக்க முடியாத சம்பாத்தியம், எல்லாத்துக்கும் கேக்கலாம். நான் மூவாயிரத்துக்குப் போடலாம்னு நினைக்கறேன். பணமில்லாதவங்க கோர்ட் பீஸ் கட்டாமலும் வழக்குப் போட வழி இருக்கு. ஏதாவது காகிதத்துல கைநாட்டு வாங்கினாங்களா?"

"எங்க தொழில்ல காயிதம் ஏது சார்? எங்களுக்கு வாய்தான் பத்திரம்."

"நல்லதாப் போச்சு" என்றார் ராமதாஸ். "ஒண்ணுதான் வேணும். அந்த அம்மா ஓரமா நடந்தாங்கன்னு கண்ணால பாத்த ஒருத்தர் சொல்லணும். யார் பாத்தது?"

"எங்க தம்பிதான் பாத்தாரு" என்றாள் மங்கை. பாயில் சாய்ந்திருந்தவள் பெருமையாக அவனைக் கைகாட்டினாள். "மண்டி வாசல்லதான் நின்னுகினு இருந்தாரு."

தாமோதரனுக்கு முதலில் வந்தது எரிச்சல். மூவாயிரம் பெறுகிற சரக்கை நூற்றைம்பதுக்கு முடித்திருக்கிறோம். வாழ்நாளில் இப்படி ஒரு பேரத்தில் அவன் ஏமாந்ததில்லை. டீக்கடையில் சொன்னது நினைவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அதை வக்கீலிடம் சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டான். விலை பேசும்போது சொன்ன வார்த்தை விலையோடு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டான். கருவாட்டுத் தெருவில் அது போய்விடும். அந்தத் தெருவுக்கு வெளியேயும் உலகம் உண்டு என்பது அவனுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத விஷயம்.

வழக்குப் போட்டு, எதிர்த்தரப்பின் பதில் வந்தபோது ராமதாஸ் அவனைத் தம்பு செட்டித் தெருவில் இருந்த தன் அறைக்கு வரச்சொன்னார்.

"உங்க அண்ணி நடு ரோட்டுல வந்தாங்கன்னு நீங்களே டீக்கடையில நாலு பேர் எதிர்ல சொன்னதா எழுதியிருக்காங்க. சொன்னீங்களா?"

"பேரம் பேசினேன் சார்."

"அதைக் கேக்கலை. சொன்னீங்களா?"

தாமோதரன் சொன்னான். ஈரமில்லாத சிப்பத்தைக் காலால் ஒதுக்குகிற வித்தையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். லாரி நடையை மட்டும் விட்டுவிட்டான். வக்கீல் சிரிப்பார் என்று ஓர் இடத்தில் எதிர்பார்த்தான். அவர் சிரிக்கவில்லை.

"சமரசத்துக்காகப் பேசினதைச் சாட்சியமா எடுக்கக்கூடாதுன்னு நான் ஆட்சேபிச்சுப் பாப்பேன்" என்றார் கடைசியில். "ஜட்ஜ் ஒத்துக்கலாம், ஒத்துக்காமலும் போகலாம். நீங்க ஒருத்தர்தான் சாட்சி தாமோதரன். அன்னைக்கு ஒண்ணு சொன்ன ஆளு இன்னைக்கு வேற சொல்றான், எதை நம்பறதுன்னு கேப்பாங்க. பழக்கத்துல சொல்லிட்டேன்னா எடுபடாது. கூடப்பிறந்தவன் பொண்டாட்டி மேல இல்லாத குத்தத்தை யாராவது சும்மா சொல்வாங்களா? ஏன் சொன்னீங்கன்னு கோர்ட்டு நம்பற மாதிரி ஒரு காரணம் வேணும். அப்படி ஏதாவது இருக்கா?"

"இல்ல சார்" என்றான் தாமோதரன்.

இருந்தது. கூடூருக்குப் போன இரண்டு நடை இருந்தது. எதிராளி அவனுக்குக் கையூட்டுக் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்தால், அவன் அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்குக் காலணா மதிப்பு இருக்காது. அண்ணியின் வழக்கு நிமிர்ந்துவிடும். அவன் உட்கார்ந்துவிடுவான்.

வேறு வழி தேடி ஹபீபுல்லா பாயிடம் போனான். எதிர்த்தரப்புச் சாட்சியாகப் பாயைத்தான் போட்டிருந்தார்கள்.

"பாய், அன்னைக்குக் கடையில கூட்டம். யாரு இன்னா பேசுனாங்கன்னு ஒனுக்கு எங்க ஞாபகம் இருக்கப்போவுது."

"ஞாபகம் கீதுப்பா."

"மறந்துட்டா ஒனுக்கு இன்னா நஷ்டம்? ரம்ஜானுக்கு நல்ல வஞ்சிரமா நானே கொண்டாந்து தரேன்."

பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். "நீ சொல்லாதத நான் சொல்லப்போறேன்னா சொல்லு, கோர்ட்டு பக்கமே நான் போவல. நீ சொன்னத்ததான சொல்லப்போறேன். என் காதுல பேஜாரா, ஒன் வாயில பேஜாரா?" பிறகு மெதுவாகக் கேட்டார். "அந்தப் பொம்பள நடுவாலயா வந்துச்சு தாமு? நீ சொன்னதுலருந்து நானும் அப்பிடித்தான் நெனச்சுகினு இருந்தேன். அவசரத்துல குறுக்க வந்துச்சு, பாவம், அது மேலதான் தப்புன்னு எத்தினி பேர்கிட்ட சொல்லிகீறேன் தெரியுமா."

தாமோதரன் டீ குடிக்காமல் எழுந்து வந்துவிட்டான். தெருவில் எதிர்ப்பட்ட ஒவ்வொரு முகமும் அந்தக் கதையைக் கேட்ட முகமாகவே தோன்றியது. யாராவது ஒருத்தர் மங்கையைப் பார்த்து, பார்த்துப் போகக்கூடாதா என்று பரிதாபப்பட்டிருப்பார்கள். அவளும் தன்மேல் தப்பில்லை என்று சொல்லிச்சொல்லி அலுத்திருப்பாள். யார் கிளப்பிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

ரகுபதியும் விடவில்லை. மண்டித் தெருவில் லாரியை ஓரம் கட்டி, இறங்காமலேயே பேசினார். "தப்பு வண்டி மேலன்னு ஆச்சுன்னா பர்மிட்டே போயிடும். கோர்ட்ல போயி சரியா பாக்கலன்னு சொல்லிடு. ஒனுக்கும் பாரம் இல்ல, எனக்கும் இல்ல. நடை விசயத்த நீ எடுக்கமாட்ட, எனக்குத் தெரியும். எடுத்தா மொதல்ல ஒன் மூஞ்சிலதான் தெறிக்கும்." சரியான கணிப்பு. சரக்கைப் பார்த்தவுடன் விலை சொல்கிற கண் அவருக்கும் உண்டு.

வழக்கு அடுத்த ஆடியில்தான் விசாரணைக்கு வந்தது. ஹைகோர்ட் கட்டடத்தின் செங்கல் வளைவுகளுக்குள் மங்கை கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு நடந்தாள். வழவழத்த தரையில் கட்டை வழுக்கியது. தாமோதரன் பிடிக்கப் போனபோது, "வுடு தம்பி, நானே வரேன், நீ சொல்லவேண்டியத நெனச்சுகினே வா" என்றாள். தாமோதரன் இரண்டடி பின்தங்கி நடந்தான்.

முதலில் அவளைத்தான் கூண்டில் ஏற்றினார்கள். நீதிபதி நாற்காலி போடச் சொன்னார். ராமதாஸ் கேட்டதற்கெல்லாம் மங்கை நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னாள். வீட்டுப்படியில் நின்று மீன் விலை சொல்கிற அதே குரல், ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் எழுந்தார். நரைத்த மீசை, கண்ணாடி, மிகவும் மரியாதையான மனிதர்.

"மீனெல்லாம் தார் ரோட்டுலதானேம்மா கிடந்தது?"

"கூடை தலையில இருந்தது சாமி. தூக்கியடிச்சா மீனு பறக்காதா. நான் மண்ணுலதான் வுயுந்து கெடந்தேன்."

"நீ நடு ரோட்டுல வந்ததாக உன் கொழுந்தனே நாலு பேர் எதிரில் ஒத்துக்கொண்டிருக்கிறானே?"

மங்கை அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். கெட்டுப்போன மீனை நல்ல மீன் என்கிறவனைப் பார்க்கிற பார்வை.

"எங்க கொழுந்தன் அப்பிடி சொல்ற ஆளு இல்ல. எனக்காகப் பேசனவரே அவருதான். வேற யாருனா சொல்லியிருப்பாங்க."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். பேனா ஓடுகிற சத்தம் தாமோதரன் உட்கார்ந்திருந்த கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்டது. அவனுக்கு முன்னால் டீக்கடையில் இருந்த அந்த இரண்டு மண்டிக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவனிடம் மாதா மாதம் சரக்கு முடிக்கிறவர்கள். ரகுபதிதான் அழைத்து வந்திருந்தார்.

அடுத்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ராமதாஸ் கேட்டவரைக்கும் தாமோதரன் தடுமாறவில்லை. புழுதி, மாட்டுவண்டி, இடப்பக்கம் ஒடித்த லாரி, சக்கரம், எல்லாவற்றையும் பார்த்தது பார்த்தபடி சொன்னான். நிஜத்தை நிஜமாகவே சொல்வது இவ்வளவு சுலபம் என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு மீசைக்காரர் எழுந்தார். அவர் முதல் கேள்வியைக் கேட்டதுமே ராமதாஸ் ஆட்சேபித்தார். நீதிபதி இரண்டு பேரும் பேசுவதைக் கேட்டுவிட்டு, கேள்வியைக் கேட்கலாம் என்றார்.

"ஹபீபுல்லா கடையில், மங்கை நடு ரோட்டில் வந்ததாகச் சொன்னாயா இல்லையா?"

மங்கை நாற்காலியில் திரும்பி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்லிவிட்டு இவர்களை ஒரு கை பார் என்கிற நம்பிக்கை அவள் முகத்தில் இருந்தது.

"சொன்னேன்" என்றான் தாமோதரன்.

"அது உண்மையா?"

"பொய்."

"அதாவது உன் சொந்த அண்ணன் மனைவியைப் பற்றி, அவள் கால் போய் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, நீ போய் நாலு பேர் எதிரில் பொய் சொன்னாய்."

"வெல பேசும்போது சொன்னது எசமான். எங்க தொழில்ல அப்படித்தான். குறைய நாமளே ஒத்துகினா எதிராளி எறங்கி வருவான்."

கோர்ட்டில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது. நீதிபதி கூடப் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். முன் பெஞ்சில் இருந்த மண்டிக்காரர்களில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பி அடுத்தவரைப் பார்த்தார். இத்தனை வருஷத்துச் சிப்பங்களும் அந்தப் பார்வையில் ஒவ்வொன்றாகப் பிரிபட்டன.

மீசைக்காரர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "ஆக, நீ தொழிலுக்காகப் பொய் சொல்கிறவன். அன்றைக்கு நூற்றைம்பது ரூபாய்க்காக. இன்றைக்கு மூவாயிரம் ரூபாய்க்காக. சரிதானே? அன்றைக்குச் சொன்னதுதான் உண்மை என்று நான் சொல்கிறேன். சொந்தக்காரியைப் பற்றி இல்லாத குற்றத்தைச் சொல்ல உனக்கு எந்தக் காரணமும் கிடையாது."

அது கேள்வி இல்லை. பதில் எதிர்பார்க்காமல் அவர் பாதி உட்கார்ந்துவிட்டார். ராமதாஸ் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்து சோர்ந்திருந்தது. தாமோதரன் விலை போகாத சரக்கை எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். வழக்கு அந்த நிலைமைக்கு வந்திருப்பது அவனுக்குத் தெரிந்தது. கூண்டை விட்டு இறங்க இரண்டு படிதான். இறங்கிப் போனால் மண்டித் தெருவில் கொஞ்சநாள் கேலி செய்வார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். அண்ணியிடம், நான் நிஜத்தைச் சொன்னேன், கோர்ட்டுதான் நம்பவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

"காரணம் கீது எசமான்" என்றான்.

மீசைக்காரர் சட்டென்று எழுந்து, கேட்காத கேள்விக்குப் பதில் வேண்டாம் என்றார். நீதிபதி கையமர்த்தினார். "சொல்லட்டும்."

"ரகுபதி மொதலாளி என் சரக்க கூடூருக்கு ரெண்டு நடை சும்மா ஏத்தினு போனாரு. வாடகை வாங்கல. அந்தக் கடையிலயே, அன்னைக்கே, பேசி முடிச்சது. இந்தக் கேஸ் வண்டியிலயேதான் போச்சு." எழுதுகிற பேனாவைப் பார்த்துச் சொன்னான். "பேரம் முடிஞ்ச பின்னாடிதான் குடுத்தாருன்னு எனுக்கு நானே சொல்லிகினு இருந்தேன். ஆனா டீக்கடைக்குள்ள போவறதுக்கு முன்னாடியே அவரு வண்டி கூடூருக்குக் காலியா போறது எனுக்குத் தெரியும். அது மனசுல இருந்துச்சு. இருந்ததாலதான் அண்ணி நடுவால வந்துச்சுன்னு சொல்லி நான் முன்னூறுல ஆரம்பிச்சேன்."

இதை அவன் யாருக்கும் சொன்னதில்லை. தனக்கே சொன்னதில்லை. வாய் பேரம் பேசாமல் பேசியதால் அது வெளியே வந்துவிட்டது. நீதிபதி ஒவ்வொரு வாக்கியமாக இங்கிலீஷில் எழுதி, கிளார்க்கை விட்டுத் தமிழில் படிக்கச்சொல்லி, சரிதானா என்று அவனைக் கேட்டார். ஆகவே எல்லாரும் அதை இரண்டாம் தடவையும் கேட்டார்கள். இரண்டாம் தடவை அந்நியன் குரலில் கேட்டபோது அது இன்னும் தெளிவாக இருந்தது. ரகுபதி எழுந்து வெளியே போனார். தாமோதரன் மங்கையின் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலே, அவள் நாற்காலியைத் திருப்பி நேராக உட்கார்ந்துகொண்ட சத்தம் கேட்டது.

வெளியே தூணுக்குப் பக்கத்தில் ராமதாஸ் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதை என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார். அவருக்குச் சந்தோஷம். மங்கை கட்டையை ஊன்றிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனாள். வாசலில் ரிக்‌ஷாக்காரனிடம், "ராயபுரம் போவணும், எவ்ளோ?" என்று கேட்டாள். அவன் சொன்னது அநியாய வாடகை. அவள் பேரம் பேசாமல் ஏறி உட்கார்ந்தாள். தாமோதரன் நடந்தே வீட்டுக்கு வந்தான்.

தீர்ப்பு ஐப்பசியில் வந்தது. தப்பு லாரியின்மேல்தான் என்று நீதிபதி எழுதியிருந்தார். தாமோதரனைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருந்தார். மதிப்பாக ஒரு வார்த்தை சொல்ல வழியில்லாத சாட்சி என்றும், தன்னைக் கெடுத்துக்கொண்டு சொன்னதாலேயே அவன் கடைசியாகச் சொன்னதை நம்பவேண்டியிருக்கிறது என்றும் ராமதாஸ் படித்துக் காட்டினார். ஏற்கெனவே வாங்கிய நூற்றைம்பதைக் கழித்து, இரண்டாயிரத்து நூறு ரூபாயைக் கம்பெனி கட்டவேண்டும். மங்கை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே நாலடிக்கு ஓர் இடம் பிடித்து, பலகை போட்டு, உட்கார்ந்த இடத்திலேயே மீன் விற்க ஆரம்பித்தாள். நல்ல இடம். வியாபாரம் நன்றாக நடந்தது என்று தெருவில் சொன்னார்கள். தாமோதரன் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனான்.

அவன் வியாபாரம்தான் படுத்துவிட்டது. ஒரு சிப்பத்தில் ஈரம் என்று சொன்னால், அப்படியா என்று அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை எல்லாம் பிரிக்கச்சொன்னார்கள். ஈரமே இல்லை என்று சொன்னாலும் பிரிக்கச்சொன்னார்கள். பிறகு அவனைக் கூப்பிடுவதே குறைந்தது.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் அவன் மனைவி கன்னியம்மா உள்ளே வந்து, "அக்கா வந்துகீது" என்றாள். குரலில் கலவரம். கோர்ட்டுக்குப் பிறகு மங்கை அந்த வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை.

தாமோதரன் எழுந்து போனான். மங்கை வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள வா அண்ணி."

"இருக்கட்டும்." முந்தானை முடிச்சை அவிழ்த்து மடித்த நோட்டுகளை எடுத்தாள். "இந்தா. அம்பது கீது. ரெண்டாயிரத்து நூத்துக்கு எம்மாம் தரகுன்னு மண்டியில கேட்டேன். ரெண்டரை ரூவா நூத்துக்குன்னாங்க. அம்பதுக்கு மேல ரெண்டரை சில்லறையா கெடக்குது, அதுவும் இதுலயே கீது."

தாமோதரன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "இன்னா அண்ணி இது" என்றான். "நான் எதுனா தரகுக்கா வந்து..."

"தரகுன்னா ரெண்டு பக்கமும் வாங்கறதுதான வழக்கம்? அவங்க பக்கத்துது நீ மின்னாடியே வாங்கிட்ட. எங்க பக்கத்துது பாக்கி நின்னுச்சு." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் காலில் விழலாம். "கடைசியா நீ பேசனதுலதான் முடிஞ்சது. இல்லன்னு சொல்லமாட்டேன். பேசனவனுக்குக் குடுக்காம நான் வச்சுகினா நல்லா இருக்குமா."

"வேணாம் அண்ணி."

"நீ வேணாம்பன்னு தெரியும். வாங்கலன்னா எனக்கும் ஒனுக்கும் வேற எதுனா ஒறவு கீதுன்னு ஆயிடும்."

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். பேசித் தப்பிக்க ஏதாவது ஒரு வார்த்தை கிடைக்குமா என்று தேடினான். அவனிடம் இருந்த வார்த்தைகள் எல்லாமே விலை பேசுகிற வார்த்தைகள். அண்ணன் பெயரைச் சொல்லலாம். அழலாம். இரண்டையுமே அவள் பிரித்துப் பார்ப்பாள்.

மங்கை கையை நீட்டியபடியே நின்றாள். வெயிலில் ஒற்றைக்காலில் நிற்பது அவளுக்குக் கஷ்டம் என்பது தெரிந்தது. கட்டையின் நுனி மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்தது. எதிர்வீட்டுத் திண்ணையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவன் வாங்கும்வரைக்கும் அவள் போகமாட்டாள்.

வாங்கிக்கொண்டான்.

"எண்ணிக்கோ" என்றாள் மங்கை.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தலையைக் குனிந்தபடி, அவன் எண்ண ஆரம்பித்தான்.